ஒரு மொபசல் வக்கீல் டெல்லி சபைக்குப் போன வழி

'மொபசல்' என்ற சொல் இன்று வெளியூர் பேருந்துகளோடு ஒட்டிக்கொண்டுதான் உயிர் பிழைத்திருக்கிறது. நூறு, நூற்றிருபது வருஷத்துக்கு முன் அது வக்கீல்களைத் தரம் பிரிக்கிற சொல். சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாடுகிற பாரிஸ்டரும் ஹைகோர்ட் வக்கீலும் ஒரு ரகம். ஜில்லா கோர்ட்டிலும் முன்சீப் கோர்ட்டிலும் வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, கடன் பத்திரம் என்று காலந்தள்ளுகிறவர் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தவரை மொபசல் வக்கீல் என்பார்கள். அதில் கொஞ்சம் இளக்காரம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை.

அந்த இரண்டாவது ரகத்திலிருந்து கிளம்பி, இந்தியா முழுவதற்கும் சட்டம் செய்த சபையில் போய் உட்கார்ந்தவர் சேலம் சி. விஜயராகவாச்சாரியார். 1920-இல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் என்ற ஒற்றை வரியில் பாடப்புத்தகங்கள் அவரை முடித்துவிடுகின்றன. எனக்கு நாகபுரியைவிட அதற்கு முந்தைய நாற்பது வருஷம்தான் சுவாரசியம். ஒரு ஊர் வக்கீல் தேசத்துச் சபைக்குப் போக அந்தக் காலத்தில் என்னென்ன வாசல்கள் இருந்தன, அவை எவ்வளவு ஒடுக்கமாக இருந்தன என்பதை அவர் ஒருவரை வைத்தே விளக்கிவிடலாம்.

1852-இல் செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூரில் ஒரு வைதிகக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1875-இல் பட்டம் பெற்றார். முதலில் வாத்தியார் வேலைதான். மாநிலக் கல்லூரியில் ஆசிரியர், பிறகு மங்களூருக்கு மாற்றல், அந்த அரசாங்க வேலையை விட்டுவிட்டு சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் கற்பித்தார். சட்ட வகுப்பில் உட்காராமலே தானாகப் படித்து 1881-இல் தேர்வு எழுதி வக்கீலானார். அடுத்த வருஷமே சேலம் நகராட்சி மன்ற உறுப்பினர்.

வாத்தியாராக இருந்தவர் வக்கீலானதும் நகராட்சிக்குப் போனது தற்செயல் இல்லை. படித்த இந்தியனுக்கு அன்றிருந்த தொழில்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சர்க்கார் உத்தியோகம் என்றால் வாயைத் திறக்க முடியாது. ஜமீன்தார் திறக்கலாம், ஆனால் கலெக்டரின் தயவு வேண்டும். வியாபாரிக்கு லைசென்சு, வரி என்று நூறு பிடி. வக்கீல் ஒருவன்தான் கலெக்டர் போட்ட உத்தரவு தப்பு என்று பகிரங்கமாக எழுந்து நின்று சொல்லலாம். சொல்வதற்குக் கட்சிக்காரர் காசும் கொடுப்பார். அது ராஜத்துரோகம் ஆகாது, தொழில். சர்க்காரை எதிர்ப்பதே அன்றாட வேலையாக இருந்த ஒரே படித்த கூட்டம் அது. அந்தக் கூட்டத்திலிருந்துதான் பின்னாளில் சட்டசபைகள் நிரம்பின என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நகராட்சியும் இதோடு சேர்ந்துகொண்டது. சேலம் 1866-லேயே நகராட்சியாகிவிட்ட ஊர். 1882 மே மாதம் வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். தெரு விளக்கும் சாக்கடையும் பள்ளிக்கூடமும் அந்தந்த ஊர்க்காரர்கள் கையில் இருக்கட்டும், அதன் வழியே அவர்கள் அரசியல் பழகட்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அரசியல் பழகுகிறவன் என்ன செய்வான் என்பதை அதே வருஷம் சேலம் காட்டிவிட்டது.

1882 ஆகஸ்டில் சேலத்தில் இந்து–முஸ்லிம் கலவரம் வெடித்தது. மசூதி கட்டுவதும் அதன் எதிரே மேளதாளத்தோடு ஊர்வலம் போவதுமாக ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த தகராறு அது. கலவரத்துக்குப் பின் ஏராளமானவர்கள் மீது வழக்கு. சிலருக்கு அந்தமான் தீவாந்தரம். தூண்டிவிட்டவர்களில் ஒருவர் என்று விஜயராகவாச்சாரியார் மேலும் குற்றம் சாட்டப்பட்டது. வக்கீலாகி ஒரு வருஷம் ஆனவருக்குப் பத்து வருஷச் சிறைத் தண்டனை. நகராட்சி உறுப்பினர் பதவியும் பறிபோனது.

அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போனார், விடுதலை கிடைத்தது. இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, வந்த கட்சிக்காரர்களைக் கவனிக்கப் போயிருப்பார். அவர் அதோடு விடவில்லை. விடுதலையான பின் நகராட்சியிலிருந்து தன்னை நீக்கியது தப்பு என்று, இந்தியா விவகார மந்திரியாகிய ஸ்டேட் செக்ரட்டரி மேலேயே தாவா போட்டார்.

இப்படி வழக்குப் போடுவது எப்படிச் சாத்தியமாயிற்று என்பது கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம். இங்கிலாந்தில் மகாராணியைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. ஆனால் இங்கே ஆண்டது முதலில் ஒரு வியாபாரக் கம்பெனி. கம்பெனி மேல் யாரும் வழக்குப் போடலாம். 1858-இல் கம்பெனியிடமிருந்து ஆட்சியை மகாராணி எடுத்துக்கொண்டபோது, அந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு, கம்பெனி மேல் என்ன வழக்கெல்லாம் போட்டிருக்கலாமோ அதெல்லாம் ஸ்டேட் செக்ரட்டரி மேலும் போடலாம் என்று சொல்லிவைத்தது. எழுதினவர்கள் கடன் பாக்கி, கான்ட்ராக்ட் தகராறு போன்றவற்றை நினைத்திருக்கக்கூடும். இந்தப் பிரிவு எதுவரை நீளும் என்று நாட்டின் கோர்ட்டுகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. சட்டத்தின் பேரால் அரசு செய்கிற காரியம் சட்டத்துக்கு உட்பட்டதா என்று கோர்ட்டு கேட்கலாம் என்பது சென்னைக் கோர்ட்டின் நிலை. உப்புத் தீர்வை பற்றிய ஹரி பன்ஜி வழக்கில் 1882-இல்தான் அது அப்படிச் சொல்லியிருந்தது. சேலத்து வக்கீல் சரியான நேரத்தில் சரியான கதவைத் தட்டினார். வழக்கில் ஜெயித்தார். நஷ்டஈடு 100 ரூபாய்.

நூறு ரூபாய் என்பது அந்தக் காலத்திலும் பெரிய தொகை இல்லை, ஒரு வக்கீல் பார்த்திராத பணம் இல்லை. ஆனால் மாகாண அரசு ஒரு நகராட்சி உறுப்பினரை நீக்கியது, அதற்காக லண்டனில் உட்கார்ந்திருக்கும் மந்திரியின் பேரில் தீர்ப்பாகி இந்திய கஜானாவிலிருந்து பணம் வந்தது என்கிற சேதி, கோர்ட்டு வாசலில் காத்திருக்கிற ஒவ்வொரு விவசாயிக்கும் புரியக்கூடியது. 1878-இல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கியிருந்த 'ஹிந்து' சேலம் விவகாரத்தை விடாமல் எழுதியது. கவர்னர் கிராண்ட் டஃபின் நிர்வாகம் நன்றாக அடிவாங்கியது. 1884-இல் சென்னை மகாஜன சபை உருவானதற்கான சூழ்நிலையில் சேலத்துக்கும் பங்குண்டு. 'தென்னாட்டுச் சிங்கம்' என்ற பட்டமும் அவருக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்துப் பட்டங்களில் பாதி அலங்காரம். இதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த வழக்கில் அவருக்கு நேர்ந்தது அநியாயம் என்பதைக் கோர்ட்டே ஒப்புக்கொண்டது. ஆனால் அவருடைய அரசியல் ஒரு மதக் கலவரத்தின் நிழலில்தான் பிறந்தது. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து, 1931-இல் அகோலாவில் கூடிய இந்து மகாசபைக்கும் அவரே தலைமை தாங்கினார். அரசைக் கேள்வி கேட்ட வக்கீலைக் கொண்டாடுகிற கட்டுரைகள் இந்த இரண்டாவது சேதியைத் தாண்டிப் போய்விடுகின்றன. இரண்டும் ஒரே மனிதரின் வாழ்க்கைதான்.

இனி சபைக்கு வருவோம். 1861 சட்டப்படி மாகாண சட்டசபை என்பது கவர்னர் நியமிக்கிற சிலர் கூடுகிற அறை. ஜமீன்தார், ராஜா, பெரிய வியாபாரி இவர்களுக்கே அங்கே இடம். 1892 சட்டம் வந்தபோது நிலைமை நூலளவு மாறியது. தேர்தல் என்ற வார்த்தையை அந்தச் சட்டம் ஜாக்கிரதையாகத் தவிர்த்தது. சில அமைப்புகள் பெயரைச் 'சிபாரிசு' செய்யலாம், கவர்னர் நியமிப்பார், அவ்வளவுதான். சிபாரிசு செய்யும் உரிமை சென்னை மாநகராட்சிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வர்த்தக சபைக்கும் இருந்தது. அவற்றோடு வெளியூர் நகராட்சிகளும் ஜில்லா போர்டுகளும் குழுகுழுவாகச் சேர்ந்து சிபாரிசு செய்யலாம்.

மொபசல் வக்கீலுக்குக் கதவு திறந்தது இந்தக் கடைசி வரியில்தான். நகராட்சி உறுப்பினர்களும் ஜில்லா போர்டு உறுப்பினர்களும் யார்? பாதிப் பேர் வக்கீல்கள். மீதிப் பேர் வக்கீல்களின் கட்சிக்காரர்கள். ஒரு ஊரில் பத்து வருஷம் நாணயமாகத் தொழில் பண்ணியவருக்கு அக்கம்பக்கத்து ஜில்லாக்களிலும் பெயர் பரவியிருக்கும். 1862-இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை பேப்பூர் வரை ரயில் பாதை முடிந்திருந்தது. அது சேலத்துக்கு வெளியே சூரமங்கலம் வழியாகப் போனது. அப்பீலுக்காகச் சென்னைக்கு ரயிலேறுகிற வக்கீல், கவுன்சிலுக்காகவும் ஏற முடிந்தது. விஜயராகவாச்சாரியார் 1895 முதல் 1901 வரை சென்னை சட்டசபையில் இருந்தார்.

அங்கே போய் அவர்கள் என்ன செய்ய முடிந்தது? ரொம்பக் கொஞ்சம். வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. கேள்வி கேட்கலாம்; அதற்குத் துணைக் கேள்வி கிடையாது. அதிகாரி எழுதிவைத்த பதிலைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். குறுக்கு விசாரணை செய்தே பழகியவனை, சாட்சி சொன்ன முதல் பதிலோடு உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. ஆனாலும் வக்கீல்கள் அந்த ஒற்றைக் கேள்வியையும் வீணாக்கவில்லை. பதில் எப்படி இருந்தாலும் அது அரசாங்கப் பதிவேட்டில் ஏறும், மறுநாள் பத்திரிகையில் வரும், அடுத்த வழக்கில் ஆதாரமாக நீட்டலாம். சபையையும் அவர்கள் ஒரு கோர்ட்டு ரிக்கார்டு போலவே நடத்தினார்கள்.

அடுத்த படி 1909-இல் மின்டோ–மார்லி சட்டம். இதைப் படிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது: அதைத் தயாரித்தவர்களுக்கு வக்கீல்களைக் கண்டால் ஒரே எரிச்சல். சபைகளில் வக்கீல்கள் கூட்டம் பெருத்துவிட்டது, அதற்கு எதிர்த்தட்டில் வைக்க எடைக்கல் வேண்டும் என்று நினைத்தார்கள். அதனால்தான் நிலச்சுவான்தார்களுக்குத் தனி இடங்கள் ஒதுக்கினார்கள். முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி வந்ததும் இதே சட்டத்தில். அப்படியிருந்தும் வக்கீல்கள் உள்ளே வந்தார்கள்.

வைஸ்ராயின் சபைக்கு, அதாவது இந்தியா முழுமைக்குமான இம்பீரியல் சட்டசபைக்கு, 60 கூடுதல் உறுப்பினர்கள். அவர்களில் 27 பேர்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அதிகாரிகளின் பெரும்பான்மை கெடாதபடி கணக்குப் போட்டிருந்தார்கள். சென்னையின் சார்பில் இருவரை அனுப்புவது சென்னை சட்டசபையில் இருந்த அதிகாரியல்லாத உறுப்பினர்கள். எண்ணிப் பார்த்தால் சில பத்துப் பேர். நாலு கோடிப் பேர் வாழ்ந்த மாகாணத்தின் 'தேர்தல்' ஒரு கூடத்துக்குள் முடிந்துவிடும். ஜனங்களிடம் போய் ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை. சக உறுப்பினர்களிடம் மதிப்பு இருந்தால் போதும். மேடைப் பேச்சைவிட, நீண்ட நாள் பழகிய நம்பிக்கை அங்கே செல்லுபடியானது. 1913-இல் விஜயராகவாச்சாரியார் அந்தச் சபைக்குப் போனார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1916 வரை இருந்தார்.

தலைநகரம் கல்கத்தாவை விட்டுவந்த புதிது. குளிர்காலத்தில் சபை டெல்லியில் கூடியது, வெயிலுக்கு சிம்லா. கோகலே 1915 பிப்ரவரியில் இறக்கும் வரை அங்கே உறுப்பினராக இருந்தார். மதன் மோகன் மாளவியா, சுரேந்திரநாத் பானர்ஜி இருந்தார்கள். 1909-க்குப் பிறகு துணைக் கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம், அதன்மேல் ஓட்டெடுக்கலாம். ஜெயித்தாலும் அரசு கட்டுப்பட வேண்டியதில்லை என்பதுதான் கொசுறு. ஜின்னா கொண்டுவந்த வக்பு சட்டம் 1913-இல் நிறைவேறியதுபோல, அதிகாரியல்லாதவர் ஒருவர் மசோதாவைக் கரை சேர்ப்பதும் எப்போதாவது நடந்தது. மறுபக்கம், யுத்தத்தைக் காரணம் காட்டி 1915 மார்ச்சில் இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் இதே சபையில்தான் நிறைவேறியது. விசாரணையில்லாமல் அடைத்துவைக்க வழிசெய்த அந்தச் சட்டத்தைத் தடுக்க 27 பேரால் முடியாது. சபையில் சட்டம் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்தும் சட்டம் செய்கிற கை வேறாக இருந்தது.

இப்போது 1920-க்கு வரலாம். இங்கேதான் அவருடைய கதையில் பெரிய முரண். செப்டம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரசின் விசேஷ மாநாடு, காந்தியின் ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்றிருந்தது. பட்டங்களைத் திருப்பிக் கொடு, சட்டசபைகளைப் புறக்கணி, கோர்ட்டுகளைப் புறக்கணி, சர்க்கார் பள்ளிகளை விட்டு வெளியே வா. டிசம்பரில் நாகபுரியில் இதை உறுதிசெய்ய 14,000-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் கூடினார்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், கோர்ட்டாலும் சட்டசபையாலும் உருவான 68 வயது சேலம் வக்கீல். வாழ்நாள் முழுக்க எந்த இரண்டு கதவுகளை அவர் தட்டித் திறந்தாரோ, அந்த இரண்டையும் இழுத்துச் சாத்துகிற தீர்மானத்துக்கு அவர் தலைமை.

அந்தத் திட்டத்தின் எல்லா அம்சங்களிலும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் நாகபுரியில் நாற்காலி அவருடையது, அலை காந்தியுடையது. கல்கத்தாவில் எதிர்த்த சி.ஆர். தாஸே இங்கே தீர்மானத்தை முன்மொழிந்தார், பிறகு பெரும் வருமானம் வந்த தொழிலை விட்டார். எதிர்த்துப் பேசிய ஜின்னாவைக் கூட்டம் கூச்சலிட்டது. அவர் காங்கிரசை விட்டுப் போனார். காங்கிரசின் அமைப்பும் அந்த மாநாட்டில் அடியோடு மாறியது: நாலணா சந்தா கட்டினால் யாரும் உறுப்பினர், மாகாணக் கமிட்டிகள் மொழிவாரியாக. முப்பது வருஷத்துக்கு மேல் விண்ணப்பமும் வாதமும் செய்துவந்த வக்கீல்களின் காங்கிரஸ் அங்கே முடிந்துபோனது என்று சொன்னால் மிகையில்லை. 1887-இல் காங்கிரசுக்கு விதிகள் வகுக்க முயன்ற குழுவில் இருந்தவர் அவர். அந்தக் காங்கிரஸ் உருமாறியபோது மேடையில் மணி அடித்தவரும் அவர்.

சேலத்திலிருந்தே இதற்கு நேரெதிர் வழியும் கிளம்பியது. ராஜாஜி 1900-இல் சேலத்தில் தொழில் தொடங்கியவர். 1917-இல் நகராட்சித் தலைவர். ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே நகராட்சி. ஆனால் ஒத்துழையாமை வந்ததும் அவர் வக்கீல் தொழிலைக் கைகழுவினார். 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்குப் போனார். இருவருக்கும் வயது வித்தியாசம் இருபத்தாறு. மூத்தவர் வழக்கை ஜெயித்துச் சிறையைத் தவிர்த்துப் பெயர் எடுத்தார். இளையவர் வழக்காடாமல் சிறைக்குப் போய்ப் பெயர் எடுத்தார். 1948-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக உட்கார்ந்தது இளையவர்தான். சேலம் கோர்ட்டு இன்னொரு விசித்திரமான ஆளையும் தந்தது: சென்னை சட்டசபை உறுப்பினராக இருந்த பி.வி. நரசிம்ம ஐயர். அவர் பின்னாளில் எல்லாவற்றையும் துறந்து, ஷீர்டி சாயிபாபாவின் பெயரைத் தெற்கெல்லாம் பரப்பினார். ஒரே வக்கீல் சங்கத்திலிருந்து இத்தனை திசை!

விஜயராகவாச்சாரியார் நாகபுரிக்குப் பின் ஓரமாகிவிட்டார், ஆனால் ஓய்ந்துவிடவில்லை. சைமன் கமிஷனை எதிர்த்தார். பெண்கள் வயதுக்கு வந்த பிறகே திருமணம் நடக்க வேண்டும் என்றார். தகப்பன் சொத்தில் மகளுக்கும் பங்கு வேண்டும் என்றார். இந்து மகாசபைத் தலைவர் சொன்ன கருத்துகள் இவை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். 1944 ஏப்ரலில் இறந்தார்.

அவர் போன பாதை புல் முளைத்துப் போகவில்லை. 1919 சட்டம் இம்பீரியல் சபையைக் கலைத்து, நேரடித் தேர்தலோடு மத்திய சட்டசபையை உண்டாக்கியது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு, என்றாலும் கூடத்துக்குள் முடிந்த தேர்தல் தெருவுக்கு வந்தது. அதன் வழியே போனவர்களில் எம். அனந்தசயனம் ஐயங்காரைச் சொல்ல வேண்டும். திருச்சானூரில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, பிறகு சித்தூரில் வக்கீலானவர். 1934-இல் மத்திய சட்டசபைக்குப் போனார். சேலத்துக்காரரும் கணிதம் கற்பித்துவிட்டு வக்கீலானவர் என்பது ஒத்துப்போவது வேடிக்கைதான். சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவைத் தலைவர் மாவ்லங்கர் அகமதாபாத் வக்கீல், அந்த ஊர் நகராட்சித் தலைவர். 1956-இல் அவர் இறந்ததும் அந்த நாற்காலிக்கு வந்து 1962 வரை இருந்தவர் அனந்தசயனம் ஐயங்கார். தினமும் காலையில் கேள்வி நேரத்தில் யாருக்கு எத்தனை துணைக் கேள்வி என்று முடிவு செய்வது அவர் வேலையாக இருந்தது.

சேலத்தில் விஜயராகவாச்சாரியார் பெயரில் நினைவு மண்டபம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது. அரசாங்கத்தின் மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா என்ற கேள்வியைத் தேடிப்போகும் சட்ட மாணவருக்கு அவர் இன்னொரு இடத்திலும் தட்டுப்படுவார். இந்தியச் சட்ட அறிக்கைகள், சென்னை வரிசை, 7-ஆம் தொகுதி, 466-ஆம் பக்கம், 1884: விஜய ராகவா எதிர் ஸ்டேட் செக்ரட்டரி.